தெய்வமல்ல, தோழன்!

“தெய்வம்போல வந்தார்கள்!” 2015 டிசம்பரிலே சென்னை நீரில் மூழ்கியபோது, மொட்டை மாடியிலே நின்று கைநீட்டியவர்கள் பலரும் இப்படித்தான் சொன்னார்கள். வந்தவர் யார்? ஆழியிலே பள்ளிகொண்டவரா? இல்லை, ஆழியிலே பிழைப்பு நடத்துகிறவர்கள்! செம்பரம்பாக்கத்து நீர் அடையாற்றிலே பாய்ந்து, சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் தத்தளித்த நேரத்தில், லாரியிலே படகை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள் கடலோரக் குப்பங்களின் மீனவத் தோழர்கள். மீன்கூடை பஸ்ஸிலே ஏறினால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்களே சிலர், அவர்கள் வீட்டு வாசலிலும் அந்தப் படகு நின்றது. ஏறி உட்கார்ந்தவர்களில் ஒருவராவது, “இது எந்தச் சாதிக்காரன் படகு?” என்று கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. வெள்ளம் இடுப்பளவு வந்தால் சாதி கணுக்காலுக்கு இறங்கிவிடுகிறது. வெள்ளம் வடிந்த மறுநாளே அது மீண்டும் தலைக்கு ஏறிவிடுகிறது!

தெய்வம் என்பது புகழ்ச்சிதானே, அதிலே என்ன குற்றம் என்று கேட்பீர்கள். குற்றம் இருக்கிறது, தோழர்களே! தெய்வத்துக்குக் கூலி தரவேண்டாம். தெய்வத்துக்குக் கையுறை வேண்டாம். தெய்வத்துக்கு இருமல் வராது. கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடலாம். மனிதன் என்று ஒப்புக்கொண்டாலோ, அவனுக்கு வீடு இருக்கிறதா, வலை கிழிந்ததா, நெஞ்சிலே என்ன நோவு என்று கேட்டாக வேண்டும். கேட்க மனமில்லாதவர்களுக்குக் கும்பிடு மிகவும் வசதி.

எண்ணூருக்கு வாருங்கள். 2017 ஜனவரி 28, விடியற்காலை. காமராசர் துறைமுகத்தருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எரிவாயு ஏற்றும் பி.டபிள்யூ. மேப்பிள் ஒன்று, எண்ணெய் சுமந்து வந்த டான் காஞ்சிபுரம் மற்றொன்று. பாதிப்பு ஒன்றுமில்லை என்றுதான் முதலிலே சொன்னார்கள். அந்த ‘ஒன்றுமில்லாதது’ எர்ணாவூர்க் கரையிலே கருங்குழம்பாக வந்து அப்பிக்கொண்டது. கடலாமைகள் செத்து ஒதுங்கின. மீன் வாங்க ஆளில்லை. கழிவு உறிஞ்சும் பெரிய லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குழம்பின் கெட்டியிலே குழாய்கள் திணறின. செவ்வாய்க் கோளுக்குக் கலம் அனுப்பிய நாடு அன்றைக்கு எண்ணூர்க் கரைக்கு அனுப்பிய கருவி என்ன தெரியுமா? வாளி!

வாளியைப் பிடித்த கைகள் யாருடையவை? மீனவர்கள், கல்லூரி மாணவர்கள், தூய்மைப் பணியாளர்கள், தீயணைப்புப் படையினர், கடலோரக் காவல் படையினர். கரைப் பாறைகளின் மேல் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி அந்தக் குழம்பை மேலே ஏற்றினார்கள். கப்பல் எந்திரத்துக்கு ஊற்றும் கன எண்ணெய் அது. தோலிலே பட்டால் எரியும், மூச்சிலே போனால் தலை சுற்றும். முதல் நாட்களிலே எத்தனை பேருக்கு முறையான கையுறையும் காலணியும் கிடைத்தன? அன்று வந்த படங்களைப் பார்த்தாலே போதும். முழங்கை வரை கருத்த கைகளை நாடே பார்த்தது, பாராட்டியது, வீரர்கள் என்று எழுதியது. நானும் பாராட்டுகிறேன். ஆனால், அந்தக் கைகளை அதன்பிறகு எந்த டாக்டர், எத்தனை முறை பார்த்தார் என்ற கேள்வியைப் பாராட்டுரை எழுதியவர்கள் எழுப்பக் காணோம்.

ஆண்டுகள் ஓடின. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். இந்த முறை எண்ணெய் கடலிலிருந்து வரவில்லை. மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. வீட்டுச் சுவரிலே கருப்புக் கோடு, படகிலே கருப்பு, வலையிலே கருப்பு, பறவையின் இறக்கையிலே கருப்பு. கருப்பு நமக்குப் பிடித்த நிறந்தான், ஆனால் அதை இப்படிப் பூசிவிட்டார்கள்! அப்போதும் படகிலே குந்தி, குவளையாலும் வாளியாலும் மொண்டு பீப்பாயிலே ஊற்றியவர்கள் அதே மீனவத் தோழர்கள்தான். ஆறாண்டுக்குமுன் கண்ட கருவி, ஆறாண்டுக்குப் பின்னும் அதே கருவி.

அந்த மாதம் அதோடு விடவில்லை. டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் வேளை. பெரியகுப்பத்துக் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணெரிச்சல், மூச்சடைப்பு. தூங்கியவர்களைத் தட்டி எழுப்பி, பிள்ளைகளைத் தோளிலே போட்டுக்கொண்டு, நடக்கமுடியாத கிழவர்களைக் கிடைத்த வண்டியிலே ஏற்றி, இருட்டிலே ஓடியது ஊர். ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 2004-இல் ஆழிப்பேரலை வந்த அதே தேதி! பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டாமல் தன் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் யார் குறை சொல்லியிருக்கப்போகிறார்கள்? தட்டினார்களே, அதுதான் நான் சொல்லவந்த வீரம். அதற்குப் பரணி பாட ஆளில்லை. பாடினால் என்ன, பாடாவிட்டால் என்ன. கதவு திறந்தது, உள்ளே இருந்தவர் பிழைத்தார்.

“தருமம் தலைகாக்கும்” என்பார்கள் நம் புராணப் பிரியர்கள். யாருடைய தலையை? கொடுப்பவன் தலையை! வாங்குபவன் தலையைப் பற்றி அந்தப் பழமொழிக்குக் கவலையில்லை. மறுமைக்குப் போட்டுவைத்த முதல் அது. நம் வியாசர்பாடி டாக்டர் திருவேங்கடத்தைப் பாருங்கள். 1973-இல் 2 ரூபாய்க்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். பிறகு 5 ரூபாய். 2020 ஆகஸ்டு 15-இல் மறையும்வரை ‘ஐந்து ரூபாய் டாக்டர்’ என்றே பெயர். பழைய வண்ணாரப்பேட்டையிலே டாக்டர் ஜெயச்சந்திரனும் அதே வழிதான். 2018 டிசம்பரிலே அவர் மறைந்தபோது ராயபுரம் பக்கமே தெருவுக்கு வந்து அழுதது. மூட்டை தூக்குகிறவரும் ரிக்‌ஷா மிதித்தவரும் மீன் விற்கும் தாய்மாரும், “கையிலே காசில்லையே” என்று நோயை வளர்த்துக்கொள்ளாமல் போய் உட்கார இடம் தந்தவர்கள் இவர்கள். மறுமைக்குக் கணக்கு வைத்தார்களா? அரசாங்கச் செலவிலே படித்தேன், அதனால்தான் இப்படிப் பார்க்க முடிகிறது என்பதே திருவேங்கடம் சொன்ன காரணம். காமராசர் காலத்துக் கல்விக் கொள்கையையும் நன்றியோடு குறிப்பிட்டார். நன்றி யாருக்கு? ஆண்டவனுக்கல்ல, பள்ளிக்கூடம் திறந்த ஆட்சிக்கு!

அவர் படித்த ஸ்டான்லிக்கு நம் பாட்டிமார் வைத்திருந்த பெயர் உங்களுக்குத் தெரியும்: கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே, பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம் அது. கஞ்சி ஊற்றிய இடம் நோயாளிக்கு மருந்து கொடுக்கும் இடமாயிற்று. 1938-இல் மருத்துவக் கல்லூரியாயிற்று. கல்லூரி ஒரு திருவேங்கடத்தை உண்டாக்கிற்று. ஒரு குவளைக் கஞ்சியாக இருந்த இரக்கம், கேட்டுப் பெறும் உரிமையாக வளர்ந்த கதை இது. அதே கதைதான் பள்ளிக்கூடச் சோறும். வடசென்னைக்காரரான பிட்டி தியாகராயர், மாநகராட்சித் தலைவராக இருந்து 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பகலுணவு போடச் செய்தார். தனியொருவர் வீட்டுத் திண்ணையிலே போடும் சோற்றுக்குப் பிள்ளை தலைகுனிய வேண்டும். பள்ளிக்கூடத்திலே போடும் சோற்றுக்குத் தலைநிமிர்ந்து உட்காரலாம். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம்வரை அந்தப் பந்தி நீண்டிருக்கிறது.

இன்னொன்று கேட்கிறேன். 2017 முதல் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் டாக்டராக வேண்டுமானால் ‘நீட்’ என்ற வாசலிலே நுழைய வேண்டும். அந்த வாசலுக்கு வழிகாட்டும் பயிற்சி நிலையங்கள் கேட்பது லட்சங்களை. லட்சங்களைக் கொட்டிவிட்டு வெளியே வருகிறவரிடம் 5 ரூபாய் வைத்தியம் எதிர்பார்க்கலாமா? அவர் கெட்டவர் அல்ல, கடன்காரர்! எர்ணாவூர்க் குப்பத்துப் பிள்ளையை உள்ளே விடாத வாசல், எர்ணாவூருக்கு டாக்டரையும் அனுப்பாது.

2018 ஆகஸ்டிலே கேரளம் வெள்ளத்தில் மிதந்தபோது அங்கேயும் மீனவர்கள்தான் படகோடு வந்தார்கள். படகு ஏறமுடியாத பெண்கள் மிதித்தேற, ஒரு தொழிலாளி தண்ணீரிலே மண்டியிட்டு முதுகைப் படியாக்கினார். படகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3000 ரூபாய் தருவதாக அந்த அரசு அறிவித்தது. உயிரைக் காத்ததற்குக் காசா என்று மறுத்தவர்களும் உண்டு. மறுத்தது அவர்கள் பெருமை. அறிவித்தது அரசின் கடமை. ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்றாகிவிடாது.

ஆகவே, காசிமேடு முதல் எண்ணூர்வரை உள்ள வட்டக் கழகத் தோழர்களுக்கு இந்த மாதம் ஒரு வேலை. 2017-இலும் 2023-இலும் எண்ணெய் அள்ளியவர்களின் பெயர்களைக் குப்பம் குப்பமாகக் கேட்டு எழுதுங்கள். அவர்களுக்கு ஆண்டுக்கொருமுறை ஸ்டான்லியிலே மருத்துவச் சோதனை வேண்டும். கையுறை, காலணி, முகமூடி, எண்ணெயைத் தடுக்கும் மிதவை ஆகியவை ஒவ்வொரு குப்பத்திலும் கையெட்டும் தூரத்திலே இருக்கவேண்டும். செலவு எண்ணெய்க்கும் குழாய்க்கும் சொந்தக்காரர்களுடையது. வாயு கசிந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவதற்குமுன் சங்கு ஊதவேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே இவற்றைக் கேளுங்கள். மனுவிலே “கருணை கூர்ந்து” என்று எழுதவேண்டாம். மாவட்ட ஆட்சியருக்கு ஒரு படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு படி, நம் அலுவலகத்துக்கு ஒரு படி.