வடிகுழாயில் தொடங்கிய வழக்கு

 

லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் கிறிஸ்தவர்கள் மிகுதியாக வாழும் ஒரு தெரு. மாடியில் குடியிருக்கும் டோனி என்பவர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். விதிக்கு மாறாகப் பொருத்தப்பட்ட வடிகுழாய் வழியே அந்நீர், கீழே தெருவைச் செப்பனிட்டுக் கொண்டிருந்தோர் தலையில் விழுகிறது. மேஸ்திரி யாசிர் புதிய குழாய் பொருத்திக் கொடுக்கிறார். அவர் பாலஸ்தீன அகதி என்பதைப் பேச்சின் தொனியிலேயே கண்டுகொண்ட டோனி, அந்தக் குழாயைச் சுத்தியலால் அடித்து நொறுக்குகிறார். யாசிரின் வாயிலிருந்து ஒரு வசைச்சொல் பிறக்கிறது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறார் டோனி. கேட்கத்தான் யாசிர் வருகிறார். ஆனால் டோனியின் பட்டறை வாசலில் அவர் செவியில் விழுந்தது, ஏரியல் ஷாரோன் உங்கள் அனைவரையும் ஒழித்திருக்கக் கூடாதா என்னும் சொல். யாசிரின் கை ஓங்குகிறது. டோனியின் விலா எலும்புகள் இரண்டு முறிகின்றன.

லெபனான் இயக்குநர் ஸியாத் துவைரி 2017-இல் எடுத்த ‘தி இன்சல்ட்’ என்னும் படத்தின் தொடக்கம் இது. அரபியில் அதன் பெயர் ‘வழக்கு எண் 23’. யாசிராக நடித்த பாலஸ்தீனர் காமில் அல்பாஷாவுக்கு வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

மதரஸாவில் பாடம் நடத்துபவர் சினிமாவைப் பற்றி எழுதுவதா எனச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சினிமாவில் குப்பையே மிகுதி என்பதில் எனக்கும் ஐயமில்லை. எனினும், ஒரு நாட்டார் தம் புண்ணைத் தாமே திறந்து காட்டும்போது, அது எந்தச் சாதனத்தின் வழியே வந்தாலும் நாம் பார்க்கத்தான் வேண்டும்.

லெபனானின் உள்நாட்டுப் போர் 1975 ஏப்ரல் 13-இல் மூண்டது. சவூதி அரேபியாவின் தாயிஃப் நகரில் 1989-இல் உடன்பாடு ஏற்பட்டு, 1990-இல் துப்பாக்கிகள் ஓய்ந்தன. மாண்டவர் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் என்பர். அடையாள அட்டையில் எழுதியிருந்த மதத்தைப் பார்த்தே, சோதனைச் சாவடிகளில் மனிதர்களைக் கொன்ற போர் அது.

1982 செப்டம்பரில் ஸப்ரா, ஷத்தீலா முகாம்களில் ஃபலாஞ்சிஸ்டுகள் நடத்திய படுகொலையை நம் இல்லங்களில் அறியாதார் இலர். முகாம்களைச் சூழ்ந்து நின்றது இஸ்ரேலிய இராணுவம். அந்நாட்டு விசாரணைக் குழுவே 1983-இல், பாதுகாப்பு அமைச்சராயிருந்த ஷாரோனுக்குப் பொறுப்பு உண்டு என்று கூறிற்று. டோனியின் சொல் யாசிரை ஏன் அப்படிச் சுட்டது என்பது இப்போது விளங்கும்.

ஆனால் படம் அத்தோடு நிற்கவில்லை. நீதிமன்றத்தில் டோனியின் ஊர் தாமூர் என்பது வெளிப்படுகிறது. சகோதரர்களே, தாமூர் என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்? பெய்ரூட்டுக்குத் தெற்கே உள்ள கிறிஸ்தவ ஊர். 1976 ஜனவரி 18-இல் கரந்தீனா பகுதியில் கிறிஸ்தவ ஆயுதக் குழுவினர், பெரும்பாலும் முஸ்லிம்களாகிய ஏழைகளைக் கொன்று குவித்தனர். இரண்டே நாட்களில் பாலஸ்தீனப் போராளிகளும் அவர்களின் லெபனான் கூட்டாளிகளும் தாமூருக்குள் புகுந்தனர். அங்கே மடிந்தோரில் பெண்களும் சிறுவர்களும் இருந்தார்கள். அவர்கள் கரந்தீனாவில் யாரையும் கொன்றவர்கள் அல்லர்.

இதைக் கேட்டதும் நம் நாவில் முதலில் வருவது “அவர்கள்தாம் முதலில் தொடங்கினார்கள்” என்பதே. டோனியின் வழக்கறிஞரும் ஏறத்தாழ அதையேதான் பேசுகிறார்! ஒரு சமூகத்தார் மீதுள்ள பகை நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடக் கூடாது எனத் திருமறையின் அல்மாயிதா அத்தியாயம் கட்டளையிடுகிறது. நம்மைச் சேர்ந்தவர் செய்ததைப் பேசும் வேளையில்தான் அக்கட்டளை கனக்கிறது. ஸப்ராவுக்கு அழுத கண் தாமூருக்கும் கசிய வேண்டாமா?

படத்தில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. நீதிமன்ற வாதங்கள் சற்று நீளம்; எதிரெதிர் வழக்கறிஞர்கள் தந்தையும் மகளும் என்பது வலிந்து புனைந்த திருப்பம். சொற்பொழிவுகள் எவையும் தராததை ஒரு சிறு காட்சி தருகிறது. நாட்டின் அதிபர் இருவரையும் அழைத்துப் பேசியும் பயனில்லை. வெளியே வந்தால் யாசிரின் கார் கிளம்ப மறுக்கிறது. புறப்பட்டுப் போன டோனி திரும்பி வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் தொழிலே கார் பழுது பார்ப்பதுதானே!

பின்னர் ஓரிரவு யாசிர் பட்டறைக்கு வந்து, வேண்டுமென்றே டோனியைச் சீண்டி அடி வாங்கிக்கொள்கிறார். அதன் பிறகே மன்னிப்புக் கேட்கிறார். நீதிபதிகளின் தீர்ப்பு அதற்கும் பின்னர்தான் வருகிறது. அது என்னவென்பதை நான் சொல்லப் போவதில்லை.

கற்பனையில் ஒரு வழக்கேனும் நடந்தது. உண்மையான லெபனானில் 1991-இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. அரசியல், சமயத் தலைவர்களைக் கொன்ற குற்றங்களுக்கு அதில் விலக்கு அளித்தார்கள். சாமானியரைக் கொன்றவை மன்னிக்கப்பட்டன. ஆயுதக் குழுத் தலைவர்கள் அமைச்சர்களாயினர். அனைவரும் ஏற்கும் ஒரு வரலாற்றுப் பாடநூலைக்கூட அந்நாட்டால் எழுத முடியவில்லை. பள்ளிப் பாடம், நாடு விடுதலை பெற்ற 1940-களோடு ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. தகப்பன் எவரைச் சுட்டான், எவரால் சுடப்பட்டான் என்பதைப் பிள்ளை வீட்டுத் திண்ணைப் பேச்சில்தான் கற்கிறது.

காணாமற்போனோர் 17,000 பேர் என்பது அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்டுவரும் எண்ணிக்கை. 1982-இல் கணவரைப் பறிகொடுத்த வதாத் ஹல்வானி என்ற பெண்மணி, தம்மைப் போன்றோரைத் திரட்டி ஒரு குழு அமைத்தார். முஸ்லிம் தாயும் கிறிஸ்தவத் தாயும் பிள்ளைகளின் புகைப்படங்களை ஏந்தி ஒரே வரிசையில் நின்றனர். அவர்கள் கேட்டது பழிக்குப் பழியன்று. உயிரோடிருந்தால் எங்கே, மரித்திருந்தால் கபுரு எங்கே என்பதே. உறவினரின் கதியை அறியும் உரிமையை ஏற்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 2018-இல். முப்பத்தாறு ஆண்டுகள்! அந்த வரிசையில் நின்ற தாய்மார் பலர், பிள்ளையின் கபுரைக் காணாமலே தங்கள் கபுருக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.