மீற முடியாத விதி
தாமாக முடிவெடுத்துப் பேரம் பேசும் கணினி நிரல்களுக்குள் விதிகளைப் பதித்துவிட்டால் மீறலே இராது என்று நண்பர்கள் எழுதுகிறார்கள். மீற முடியாதது எப்படி விதியாகும்? எங்கள் காஞ்சிபுரத்து ஜக்கார்டு தறியில், அட்டையில் துளையில்லாத இடத்தில் கொக்கி எழும்பாது. அதை ஒழுக்கம் என்று எந்த நெசவாளியும் சொன்னதில்லை.

பக்கத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துச் சபையார் 919இல் வெட்டிய விதியை 921இல் திருத்தி வெட்டினார்கள். குடவோலையை எடுப்பது விவரமறியாத சிறுவன். வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும். கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் வாரியத்தில் இடமில்லை. (இதை ஜனநாயகம் என்று கூத்தாடுவது வேறு: நிலமில்லாதவன் பெயர் குடத்துக்குள்ளேயே போகாது.) ஒளிக்கத் தெரிந்த கையை அறிந்து எழுதிய விதி அது. நிரல் மீறினால் யார் கண்டுபிடிப்பது, எதிலிருந்து விலக்குவது? அந்த ஐந்து விரலுக்குச் சமமான ஒரு வரியை நண்பர்கள் எழுத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை.