கலப்பை தானாக இறங்கினால் பம்பையா மாற்றுவது?

லால்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “1998-ல் வாங்கிய டிராக்டர். 9 கொத்துக் கலப்பையை நன்றாகத் தூக்குகிறது. எஞ்சினை நிறுத்தினால் இரண்டு மூன்று நிமிடத்தில் கலப்பை தரையில் உட்கார்ந்துவிடுகிறது. பம்பு போய்விட்டது, புதிது போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். வண்டியையே விற்றுவிடலாம் என்கிறான் மகன். வீட்டுக் கொட்டகையில் வைத்து நாமே சரிசெய்ய முடியுமா?”

பம்பை வாங்கிவிடாதீர்கள். பம்பின் வேலை எண்ணெயைத் தள்ளித் தூக்குவதுதான். எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். அதன் பிறகு கலப்பையைத் தாங்கி நிற்பது சிலிண்டரில் அடைபட்ட எண்ணெய். அது எங்கோ கசிகிறது. பிஸ்டனில் உள்ள ஓ ரிங் தேய்ந்திருக்கும், அல்லது வால்வு சரியாக உட்காராமல் இருக்கும். உங்கள் வண்டி நன்றாகத் தூக்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சில டிராக்டர்களில் பம்பும் வால்வும் ஒரே கூட்டில் எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கும். அங்கேகூட வால்வை மட்டும் சரிசெய்ய முடியுமா என்று கேட்டுவிட்டுத்தான் முழுசாக மாற்ற வேண்டும். ராத்திரி தூக்கி நிறுத்திய கலப்பை விடிவதற்குள் மெல்ல இறங்கியிருந்தால், பழைய வண்டிக்கு அது பெரிய குற்றமில்லை. நிமிடக் கணக்கில் இறங்கினால்தான் பிரிக்க வேண்டும்.

பம்பு தேய்ந்ததன் அடையாளம் வேறு. காலையில் ஜோராகத் தூக்கும். இரண்டு மணி நேரம் ஓட்டி எண்ணெய் சூடாகி இளகியதும் திணறும். அப்போதும் முதலில் எண்ணெய் மட்டத்தையும் பில்டரையும் பாருங்கள். அடைத்த பில்டரால் பம்பு ஊளையிடும். எண்ணெய் நுரைத்தால் உறிஞ்சும் பக்கம் காற்று போகிறது. எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. நம் டெல்டாவில் சேற்றுழவு ஓட்டிய வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். தண்ணீர் புகுந்த வழியை அடைக்காமல் எண்ணெயை மட்டும் மாற்றினால் அடுத்த நடவில் அதே கதைதான். எண்ணெய் வகையைக் கையேட்டைப் பார்த்து வாங்குங்கள். பிரேக்கும் அதே எண்ணெயில் மூழ்கியிருக்கும் வண்டிகளில் ஏதோ ஒரு கியர் ஆயிலை ஊற்றினால் பிரேக்கும் கெடும்.

இனி பிரிப்பது. பெரும்பாலான வண்டிகளில் சிலிண்டர் சீட்டுக்குக் கீழே உள்ள கனமான மூடியோடு இருக்கும். அதைத் தூக்க செயின் பிளாக்கும் அனுபவமுள்ள ஒருவரும் வேண்டும். பட்டறைக்காரரைக் கொட்டகைக்கு வரவழைத்துக் கூட நின்று பாருங்கள். காற்றடிக்கும் நாளில் திறக்க வேண்டாம், மணல் உள்ளே போனால் புது ரிங் ஒரு போகம்கூடத் தாங்காது. நூல் உதிரும் பஞ்சு வேண்டாம், சுத்தமான துணியால் துடையுங்கள். சிலிண்டரின் உட்சுவரில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் ஓ ரிங்கை மட்டும் மாற்றினால் போதும். கோட்டில் நகம் மாட்டினால் சிலிண்டரையே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் லேத் பட்டறைக்குப் போக வேண்டும். பழைய ரிங்கைக் கையோடு எடுத்துப் போய் அதே அளவில் வாங்குங்கள். ரிங்கோடு ஒரு தட்டை வளையம் இருந்தால், அது எந்தப் பக்கம் இருந்தது என்று எடுக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். மாறிப் போட்டால் ரிங் பிதுங்கிக் கிழியும்.

ஹோஸ் விஷயத்தில் பழுதுபார்ப்பு என்ற பேச்சே கூடாது. வெடிப்போ வீக்கமோ தெரிந்தால் மாற்றிவிடுங்கள். சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டி ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். முன் டயரில் நாம் அடைக்கும் காற்று சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ சொச்சம். லிப்டில் எண்ணெயின் அழுத்தம் 150 கிலோ அளவுக்குப் போகும். ஊசித் துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். முள் குத்தியது போலத்தான் தெரியும், வலிகூட மெதுவாகத்தான் வரும், ஆனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள், அட்டையைக் காட்டிப் பாருங்கள். பட்டுவிட்டால் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போய், அழுத்தத்தில் எண்ணெய் ஏறிவிட்டது என்று சொல்லுங்கள்.

தூக்கிய கலப்பைக்குக் கீழும், தூக்கிய டிப்பர் பெட்டிக்குக் கீழும், முட்டுக் கொடுக்காமல் தலையை நீட்டாதீர்கள். ஹோஸ் வெடித்தால் பெட்டி மெதுவாக இறங்காது. காலி பெட்டியைத் தூக்கி, இரும்பு முட்டைப் பொருத்தி, பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். செங்கலும் ஹாலோ பிளாக்கும் முட்டாகாது, சட்டென்று நொறுங்கிவிடும். கனமான மரக்கட்டை வையுங்கள்.

கொட்டகை மூலையில் கிடக்கும் பாட்டில் ஜாக்கிக்கும் இதே கதைதான். எண்ணெய் குறைந்திருந்தால் ஜாக்கி எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். தண்டு துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் எடைக்குப் போட்டுவிடுங்கள். புது ஜாக்கி அதை ரிப்பேர் செய்யும் அலைச்சலைவிட மலிவு. புதிதே ஆனாலும் ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்கி நிற்பதற்கு ஸ்டாண்டு.

வண்டியை விற்பது பற்றி: எஞ்சினும் கியரும் நன்றாக இருந்தால் ஓ ரிங்குக்காக விற்க வேண்டாம். சம்பா அறுப்பு முடிந்து கோடை உழவுக்கு முன் கிடைக்கும் இடைவெளியில் பிரித்துவிடுங்கள். அதற்குள் மழை பெய்து உழவு அவசரமானால், வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரை வாடகைக்கு விடுகிறது, உங்கள் உட்கோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.