பூச்சி மேல் பழி

சாயங்காலம் ஆறரைக்கு மேல் மதுராந்தகம் ஏரிக்கரையை காரில் தாண்டிப் பாருங்கள். முந்தின நாள் மழை பெய்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஈசலும் வயல் பூச்சியும் பட் பட்டென்று முன் கண்ணாடியில் மோதிச் சாகும். நம் ஆட்கள் உடனே என்ன செய்கிறார்கள்? வைப்பரைத் தட்டுகிறார்கள். தண்ணீர் இல்லாமல்! அதுவரை பொட்டுப் பொட்டாக இருந்தது, வெண்ணெய் தடவின மாதிரி கண்ணாடி முழுக்க இழுகிவிடும். எதிரே ஒரு ஆம்னி பஸ் ஹைபீம் போட்டுக்கொண்டு வந்தால் போச்சு. எல்லாம் வெள்ளை. லைட் இல்லாமல் ஓரமாகப் போகிற மொபெட் தெரியாது. குறுக்கே நடக்கிற மனுஷன் தெரியமாட்டான்.

நான் படித்தது பி.காம். கணக்காகவே சொல்கிறேன். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். ஐந்து நொடி கண் கூசினால் 110 மீட்டர் குருட்டு ஓட்டம்.

கேட்டால், ‘பூச்சி சார்’ என்கிறார்கள். பூச்சி பாவம். (ஜெர்மனியில் பாதுகாக்கப்பட்ட காடு, மேடுகளிலேயே 1989 முதல் 2016-க்குள் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது என்று கண்டுபிடித்தார்கள். கண்ணாடியில் அடிக்கிற அளவுக்கு நமக்கு மிச்சமிருக்கிறதே என்று சந்தோஷப்படுங்கள்.)

பானெட்டைத் திறந்தால் வைப்பருக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு டப்பா இருக்கிறது. கடைசியாக எப்போது ஊற்றினீர்கள்? பத்து லட்சத்துக்கு வண்டி, மியூசிக் சிஸ்டத்துக்குத் தனிச் செலவு. சில நூறு ரூபாய் வைப்பர் ரப்பர் மட்டும் வெயிலில் வெந்து, வெடித்துத் தொங்குகிறது.

முன் கண்ணாடி வழியே குறைந்தது 70 சதவிகித வெளிச்சம் வரவேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. 2012-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னதும் கறுப்பு ஃபிலிமை நடுரோட்டில் நிறுத்திக் கிழித்தார்கள். சரிதான். பூச்சிப் பசை பூசின கண்ணாடியோடு போகிறவரை யாராவது நிறுத்தினார்களா?

பெட்ரோல் பங்க்கிலும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. டீசல் நாற்றத் துணியால் பையன் காய்ந்த கண்ணாடியில் கோலம் போடுகிறான். துணியில் இருக்கிற மண் கீறினால் கீறினதுதான். அவனைச் சொல்லி என்ன பயன், கொடுத்தது அந்தத் துணிதானே? காற்றடிப்பது இலவசம் என்று விதி வைத்திருக்கிற எண்ணெய்க் கம்பெனிகள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஸ்பான்ஜும் வைத்தால் குடியா முழுகிவிடும்?

அதுவரை டிக்கியில் இரண்டு லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். டப்பாவில் ஊற்றினால் உப்பு அடைத்துக்கொள்ளும். வண்டியை ஓரங்கட்டி, நனைத்த பேப்பரைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு ஒரு டீ குடியுங்கள். பத்து நிமிஷத்தில் ஊறிவிடும், துடைத்தால் வழித்துக்கொண்டு வரும். நம் பத்திரிகை வழவழ தாள், தண்ணீர் குடிக்காது. தினசரியாக வாங்கிக்கொள்ளுங்கள்.