அடுப்பு நம்முடையது, குறிப்பு யாருடையது?
வீட்டில் பீர் காய்ச்சுவோருக்கு வந்திருக்கும் புதுக் கவலை

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் ஏராளம். விற்பதற்காக அல்ல. தாங்கள் குடிக்கவும், நண்பர்களுக்குக் கொடுக்கவும் காய்ச்சுகிறார்கள். விடுமுறை நாள் வந்தால் சிலர் தோட்ட வேலை செய்வார்கள். சிலர் மீன் பிடிக்கப் போவார்கள். இவர்கள் அடுப்பைப் பற்ற வைத்து, பெரிய பாத்திரத்தை ஏற்றுவார்கள்.

இவர்களிடையே இப்போது ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "எந்தக் கம்ப்யூட்டர் சாப்ட்வேரை நம்பிக் காய்ச்சுவது?" என்பதுதான் அந்தக் கேள்வி.

பீர் காய்ச்சுவதற்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சாம்பார் வைக்க யாராவது கம்ப்யூட்டரைத் தேடுகிறார்களா? நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குப் பின்னால், பீரோடு நின்றுவிடாத ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. காசு கொடுத்து ஒரு பொருளை வாங்குகிறோம். அது உண்மையில் நம்முடையதா? அல்லது விற்றவரின் தயவில் ஓடிக்கொண்டிருக்கிறதா?

சட்டம் வழி விட்டது

முதலில் பழைய கதையைப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் வீட்டில் பீர் காய்ச்ச லைசென்சு வேண்டும் என்று 1880-ம் ஆண்டில் சட்டம் வந்தது. 1963-ம் ஆண்டில் நிதி மந்திரி ரெஜினால்டு மாட்லிங் தமது பட்ஜெட்டில் அந்த லைசென்சை எடுத்துவிட்டார்.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. மதுவிலக்கு நீங்கியபோது, வீட்டில் திராட்சை மது தயாரிக்க இடம் கிடைத்தது. பீருக்கு மட்டும் கிடைக்கவில்லை. 45 ஆண்டுகள் கழித்து, 1978 அக்டோபர் 14-ந் தேதி, ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 1979 பிப்ரவரி 1-ந் தேதி முதல் அது அமலுக்கு வந்தது. வயது வந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன் காய்ச்சலாம். அதாவது சுமார் 378 லிட்டர். வயது வந்தவர்கள் இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். விற்கக் கூடாது. மாநிலங்களும் இதற்கு இசைய வேண்டியிருந்தது. அலபாமா, மிசிசிப்பி மாநிலங்கள் 2013-ம் ஆண்டில்தான் இசைந்தன.

நம் தமிழ்நாட்டில் கதை வேறு. இங்கே லைசென்சு இல்லாமல் மது தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆகவே இது காய்ச்சக் கற்றுக்கொடுக்கும் கட்டுரை அல்ல. அங்கே நடந்ததில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறோம்.

கணக்கு எங்கே வருகிறது?

பீருக்கு நான்கு பொருள்கள் வேண்டும். தண்ணீர், முளை கட்டிக் காய வைத்த பார்லி, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்னும் பூ, புளிக்க வைக்கும் ஈஸ்ட். முளை கட்டிய பார்லிக்கு மால்ட் என்று பெயர்.

மால்ட்டை நொறுக்கி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைக்கிறார்கள். அதில் உள்ள மாவுச் சத்து சர்க்கரையாக மாறுகிறது. அந்தச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் போட்டு, மேலும் ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கிறார்கள். ஆற வைத்து ஈஸ்ட் சேர்க்கிறார்கள். ஓரிரு வாரத்தில் அது புளித்துப் பீர் ஆகிவிடுகிறது.

கேட்பதற்கு இட்லி மாவு போல எளிதாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு படியிலும் ஒரு கணக்கு உண்டு.

ஊற வைக்கும் சூடு 65 டிகிரியானால் பீர் நீர்த்து இருக்கும். 69 டிகிரியானால் கனமாகவும் சற்று இனிப்பாகவும் இருக்கும். நான்கு டிகிரியில் இத்தனை வித்தியாசம்! 67 டிகிரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாலரை கிலோ மால்ட்டுக்குப் பதின்மூன்றரை லிட்டர் தண்ணீர். மால்ட்டின் சூடு 20 டிகிரியானால், தண்ணீரைச் சுமார் 73 டிகிரிக்குக் காய்ச்ச வேண்டும். அதே மால்ட் குளிர்காலத்தில் 5 டிகிரியில் சில்லென்று கிடந்தால்? தண்ணீர் 75 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும்.

ஹாப்ஸ் பூவிலும் ஒரு சங்கடம் உண்டு. அதன் கசப்பு விளைச்சலுக்கு விளைச்சல் மாறும். போன ஆண்டுப் பூவில் கசப்புச் சத்து நூற்றுக்கு 5 பங்கு. இந்த ஆண்டு 6 பங்கு என்றால், 30 கிராம் போட்ட இடத்தில் 25 கிராம் போட்டால் போதும்.

பாலுக்குப் பால்மானி இருப்பது போல, பீருக்கு ஹைட்ரோமீட்டர் இருக்கிறது. அதில் வெறும் தண்ணீர் 1.000 என்று காட்டும். புளிப்பதற்கு முன் சாறு 1.051 என்று காட்டி, புளித்த பின் 1.013 என்று காட்டினால், சாராயச் சத்து நூற்றுக்கு 5 பங்கு என்று பொருள்.

இந்தக் கணக்குகளை முன்பு நோட்டுப் புத்தகத்தில் போட்டார்கள். இப்போது சாப்ட்வேர் போடுகிறது. பொருள்களின் பட்டியலைக் கொடுத்தால் போதும். நிறம், கசப்பு, சாராயச் சத்து எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடும். எத்தனை மணிக்கு எதைப் போட வேண்டும் என்று மணியும் அடிக்கும்.

சொன்னதைத்தான் சொல்லும்

ஆனால் ஒன்று. சாப்ட்வேருக்கு உங்கள் அடுப்பைத் தெரியாது. உங்கள் பாத்திரத்தையும் தெரியாது.

நாலரை கிலோ மால்ட்டில் 19 லிட்டர் பீர் காய்ச்சுவதாக வைத்துக்கொள்வோம். மால்ட்டில் உள்ள சர்க்கரையில் நூற்றுக்கு 72 பங்கு சாற்றில் இறங்கினால், ஹைட்ரோமீட்டர் சுமார் 1.051 காட்டும். 60 பங்குதான் இறங்கினால் 1.043 தான் காட்டும். சாராயச் சத்தும் 5 பங்கிலிருந்து 4 பங்குக்குச் சற்று மேலே இறங்கிவிடும். குறிப்பு ஒன்றுதான். பாத்திரமும் பக்குவமும் வேறு.

ஆகவே முதல் சில தடவை தாங்களே அளந்து, அந்த அளவைச் சாப்ட்வேருக்குச் சொல்ல வேண்டும். அளக்காதவருக்கு விலை உயர்ந்த சாப்ட்வேரும் உதவாது. அளந்து எழுதுகிறவருக்கு எளிய சாப்ட்வேரே போதும்.

எத்தனை வகை!

ஒரு காலத்தில் புரோமாஷ் என்ற சாப்ட்வேரைப் பலர் கையாண்டார்கள். பிறகு அது புதுப்பிக்கப்படாமல் நின்றுவிட்டது. 2003-ம் ஆண்டில் பிராட் ஸ்மித் என்பவர் பீர்ஸ்மித் என்ற சாப்ட்வேரைக் கொண்டுவந்தார். இதை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பதித்து வைத்துக்கொள்ளலாம்.

புரூபாதர் என்பது இண்டர்நெட் வழியாக இயங்குவது. கைப்பேசியிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே குறிப்பைப் பார்க்கலாம். இலவசமாகவும் கிடைக்கும், ஆனால் சேர்த்து வைக்கும் குறிப்புகளுக்கு ஓர் எண்ணிக்கை உண்டு. அதற்கு மேல் வேண்டுமானால் சந்தா. புரூடார்கெட் என்பது முழுக்க இலவசம். அதன் உள்ளே எழுதியிருக்கும் கட்டளைகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம்.

எது அழகாக இருக்கிறது, எதில் வசதி அதிகம் என்றுதான் பலரும் பார்க்கிறார்கள். அவற்றைவிட முக்கியமான ஒன்றை ஒரு கம்பெனியின் வீழ்ச்சி காட்டிக் கொடுத்தது.

ஊமையான இயந்திரம்

அமெரிக்காவில் சியாட்டில் நகரில் பிகோபுரூ என்று ஒரு கம்பெனி இருந்தது. தானாகவே பீர் காய்ச்சும் இயந்திரத்தை அது செய்தது. 2013-ம் ஆண்டில் பொதுமக்களிடம் இண்டர்நெட் மூலம் முன்பணம் திரட்டி அதை வெளியிட்டது. முதலில் வந்த பெரிய இயந்திரத்தின் விலை ஆயிரம் டாலருக்கும் மேல். பிறகு சிறிய இயந்திரமும் வந்தது. அதற்கான பொட்டலங்களையும் கம்பெனியே விற்றது. மால்ட் ஒரு பக்கம், ஹாப்ஸ் ஒரு பக்கம். பொட்டலத்தைச் செருகிப் பொத்தானை அமுக்கினால் போதும்.

இதில் ஒரு சூட்சுமம் இருந்தது. எந்த நேரத்தில் எத்தனை டிகிரி என்ற குறிப்பு இயந்திரத்தில் இல்லை. கம்பெனியின் தலைமைக் கம்ப்யூட்டரில் இருந்தது. இயந்திரம் இண்டர்நெட் வழியாக அங்கே கேட்டுக் கேட்டுத்தான் காய்ச்சும்.

2020-ம் ஆண்டில் கம்பெனி கடனில் விழுந்தது. அதன் சொத்துக்கள் கைமாறின. பொட்டலங்கள் வருவது நின்றது. தலைமைக் கம்ப்யூட்டரும் பின்னர் ஓய்ந்தது. வீடுகளில் இருந்த இயந்திரங்களில் ஒரு திருகுகூடக் கழன்றிருக்கவில்லை. சூடேற்றும் கம்பி நன்றாக இருந்தது. பம்பு நன்றாக இருந்தது. ஆனால் "இப்போது என்ன செய்ய வேண்டும்?" என்று அது கேட்டபோது, பதில் சொல்ல ஆள் இல்லை.

அப்போது சில வாடிக்கையாளர்களே முன்வந்தார்கள். கம்பெனிக் கம்ப்யூட்டர் பேசிய பாஷையை ஆராய்ந்து, அதே பதிலைச் சொல்லும் சாப்ட்வேரை எழுதினார்கள். உள்ளங்கை அளவுள்ள மலிவான கம்ப்யூட்டரில் அது ஓடியது. எழுதியதை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். ஊமையான இயந்திரங்கள் பல மீண்டும் பேசின. ஆனால் அதைப் பொருத்தத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தப் பாக்கியம். மற்றவர்களின் இயந்திரம் வெறும் பெட்டியாயிற்று.

கேட்க வேண்டிய நாலு கேள்வி

ஆகவே சாப்ட்வேரைத் தேர்ந்தெடுப்பவர் கேட்க வேண்டியவை இவை.

ஒன்று: இண்டர்நெட் இல்லாத நேரத்தில் இது வேலை செய்யுமா? கொதிக்கும் பாத்திரம் காத்திராது.

இரண்டு: என் குறிப்புகளை வெளியே எடுக்க முடியுமா? பீர் எக்ஸ்.எம்.எல். என்று ஒரு பொது வடிவம் இருக்கிறது. ஒரே அளவு மரை போட்டால் எந்த நட்டும் எந்தப் போல்ட்டிலும் ஏறும் அல்லவா? அதுபோல, இந்த வடிவத்தில் எடுத்த குறிப்பை அதை ஏற்கும் எந்தச் சாப்ட்வேரும் படிக்கும்.

மூன்று: சந்தா கட்டுவதை நிறுத்தினால் பழைய குறிப்புகள் என் கையில் இருக்குமா?

நாலு: கம்பெனி மூடினால் என் இயந்திரத்தை நானே கையால் ஓட்ட முடியுமா?

இந்த நாலுக்கும் நல்ல பதில் கிடைத்தால், எந்தச் சாப்ட்வேரும் நல்ல சாப்ட்வேர்தான். கிடைக்காவிட்டால், அது எவ்வளவு மினுக்கினாலும் இரவல் நகைதான்.

பீர் காய்ச்சாத நமக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும். குழந்தைகளின் படங்களைக் கைப்பேசி வழியாக எங்கோ சேர்த்து வைக்கிறோம். கடைக் கணக்கைச் சந்தாவுக்கு எழுதுகிறோம். வீட்டு வாசலில் இண்டர்நெட் காமிரா மாட்டுகிறோம். வாங்கும்போது விலையைக் கேட்கிறோம். வாரண்டி எத்தனை வருஷம் என்று கேட்கிறோம். "நீங்கள் கடையைக் கட்டினால் இது ஓடுமா?" என்று கேட்பதில்லை. இனிமேல் அதையும் கேட்க வேண்டும்.

நல்ல பதில் வராத வரையில், முக்கியமானதை ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். நோட்டுக்குச் சந்தா இல்லை.