"அறளை" என்று சொல்லி மூடிவிடாதீர்கள்



"அறளை பெயர்ந்திட்டுது. வயசு போனா அப்பிடித்தான்."

மயிலிட்டியில் எந்த ஒழுங்கைக்குப் போனாலும் இது காதில் விழுகிறது. இங்கே படிப்பிக்கிற எங்களால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வயது போனால் ஒரு பெயர் நினைவுக்கு வரச் சுணங்கும், அது இயல்பு. காற்றும் நீரோட்டமும் பார்த்துக் கடலுக்குப் போனவர், சாரம் உடுக்கத் தெரியாமல் நிற்பது வயதல்ல. வருத்தம்.

அதில் ஒரு வகைதான் வஸ்குலர் டிமென்ஷியா. அல்சைமருக்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படுவது. மூளை உடல் நிறையில் ஏறத்தாழ 2 வீதம். உடல் பாவிக்கும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 வீதம் அதற்கு வேண்டும். பிறஷர், சீனி வருத்தம், கொலஸ்ரோல், புகைத்தல் குருதிக்குழாய்களைக் கெடுத்தால் மூளையின் பகுதிகள் பட்டுப்போகும். பாரிசவாதத்துக்குப் பிறகும் வரும். வெளியே தெரியாத சின்ன அடைப்புகளாலும் வரும். பலருக்குப் படி இறங்குவதுபோல: சில மாதம் ஒரே நிலை, பிறகு திடீரென்று ஒரு படி கீழே. முதலில் போவது ஞாபகமாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. யோசனை மந்தமாகும், நடை தளரும், காரணமில்லாமல் அழுகை வரும்.

"இடம்பெயர்ந்த கவலை" என்கிறார்கள் சிலர். 1990 யூனில் மயிலிட்டி எழும்பியது. அதே வருடம் ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களாகிய நாங்கள் வெளியேற்றப்பட்டோம். அந்தக் கவலையை எங்களுக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் எல்லாப் பழியையும் கவலையின் தலையில் கட்டினால் பிறஷரை அளப்பது யார்?

துறைமுகப் பகுதி 2017 யூலையில் விடப்பட்டது. 27 வருடத்தில் வேலியும் எல்லையும் அழிந்து போயின. எந்தப் பனை எவருடைய எல்லை என்று சொல்லக்கூடியவர்கள் இந்த முதியவர்கள்தான். காணிக்காகப் போராடிய ஊர், அந்தக் காணியை அடையாளம் காட்டும் தலைகளைக் காக்க வேண்டாமா? புத்தி தடுமாறுகிறவரின் கையைப் பிடித்து உறுதியில் கையொப்பம் வாங்குகிறவர்களும் கேளுங்கள்: அது களவு.

போன மூளைக்கலங்களைத் திருப்பித் தரும் மருந்து இல்லை. அடுத்த படி இறங்குவதைத் தள்ளிப்போட வழி உண்டு. "இப்ப பிறஷர் சரி" என்று குளுசையை நிறுத்தாதீர்கள். சரியாக இருப்பதே குளுசையால்தான். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை பக்கத்தில்தான் இருக்கிறது, காசும் இல்லை. தைரொயிட் குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வும் இப்படித் தோற்றும். அவற்றுக்கு மருந்து உண்டு. காட்டாமல் எப்படித் தெரியும்? வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் பிள்ளைகளே, "காசு கிடைச்சுதோ" என்று கேட்கிற அதே அழைப்பில் "குளுசை போட்டீங்களோ" என்றும் கேளுங்கள்.

முகம் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சுக் குழறினால் எண்ணெய் பூசிக்கொண்டு இருக்காதீர்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் நாலரை மணித்தியாலம்தான். உடனே 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் வரும். எங்கள் இரண்டு சமூகத்தையும் ஊரை விட்டு எழுப்பிய வருடத்தின் இலக்கம் அது. இனி அது உயிர் காக்கட்டும்.

வீட்டில் முதியவர் இருந்தால் இந்தக் கிழமையே பிறஷர் பாருங்கள். மற்றவர்களுக்கும் பகிருங்கள்.