கதை அளக்கலாமா?

சென்ற மாதக் கருத்தரங்கில் என் சோதனை முடிவுகளைப் படித்தேன். "நல்ல ஸ்டோரி!" என்று பாராட்டினார்கள். எனக்கோ நெஞ்சு உறுத்தியது. கோட்டில் பொருந்தாத இரண்டு அளவீடுகளை நான் விட்டுவிட்டிருந்தேன்.

அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பை அறிந்தபோது வெட்கம் இன்னும் மிகுந்தது. கிரேக்க மொழியில் 'ஹிஸ்டோரியா' என்றால் விசாரித்து அறிதல். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் தம் நூலின் தொடக்கத்திலேயே அச்சொல்லை ஆண்டார். அரிஸ்டாட்டில் விலங்குகளை ஆராய்ந்து எழுதிய நூலுக்கும் அதுவே பெயர். அச்சொல் இலத்தீன், பழைய பிரெஞ்சு வழியே தேய்ந்து வந்து ஆங்கிலத்தில் 'ஸ்டோரி' ஆயிற்று. 'ஹிஸ்டரி' அதன் உடன்பிறப்பு. பின்னாளில் 'ஸ்டோரி' பொய்யையும் குறிக்கலாயிற்று. நாமும் "கதை அளக்கிறான்" என்கிறோம் அன்றோ?

நண்பர்களே, கதை சொல்வது குற்றமன்று. விசாரணையைக் கைவிட்டுச் சொல்வதே குற்றம். விட்ட இரண்டு புள்ளிகளையும் வரைபடத்தில் மீண்டும் இட்டுவிட்டேன். கோடு சற்றுக் கோணலாகத்தான் இருக்கிறது. அடுத்த கருத்தரங்கில் அதனோடுதான் நிற்பேன். நீங்களும் உங்கள் சோதனை ஏட்டில் அடித்துவிட்ட எண்களை ஒருமுறை திரும்பப் பாருங்கள்.